நீதிபதி கொடுத்த ஆள்

ஸ்பெயினின் லியோன் நகரிலிருந்து சந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்ற கிறித்தவத் திருத்தலம் வரை சுமார் 300 கிலோமீட்டர் நடந்தபோது, நான்காம் நாள் மாலை, ரபனால் என்ற மலையடிச் சிற்றூரில் தங்கினேன். அங்கே யாத்ரீகர் விடுதியின் முற்றத்தில், நாற்பதைக் கடந்த ஒருவர் பெஞ்சின் மீது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் தரையில் அமர்ந்து, அவருடைய குதிகால் கொப்புளத்தில் ஊசியை ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வாங்கி, நூலை மட்டும் உள்ளேயே விட்டு, இரு முனைகளையும் கத்தரித்தான். இரவு முழுவதும் நூல் வழியே நீர் கசிந்துவிடும், தோலும் உரியாது என்பது அந்தப் பாதையில் நடப்பவர்களின் கை வைத்தியம். மருத்துவர்கள் இதை விரும்புவதில்லை. ‘அப்பாவா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பையன் சிரித்துவிட்டு, ‘இல்லை, நீதிபதி கொடுத்த ஆள்’ என்றான்.

இருவரும் பிரான்சிலிருந்து வந்திருந்தார்கள். எந்த அமைப்பின் வழியாக வந்தார்கள் என்றோ, பையன் என்ன குற்றம் செய்தான் என்றோ நான் கேட்கவில்லை. ஆனால் குற்றத்தில் சிக்கிய சிறாரை ஒரு பெரியவரோடு நெடுந்தூரம் நடக்க அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருப்பதை முன்பே ஓரளவு படித்திருந்தேன். ஊர் திரும்பிய பின் தேடித் தேடிப் படித்தேன்.

இதன் தொடக்கம் பெல்ஜியத்தில். அங்கே ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 1982இல் உருவான ஓய்கோட்டன் என்ற அமைப்பு, சிறார் சீர்திருத்தக் காப்பகத்தில் இருந்த இளைஞர்களைக் கொம்போஸ்தெலாவுக்குக் கால்நடையாக அழைத்துச் செல்லத் தொடங்கியது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தை நடந்து முடித்தால் விடுதலை என்பதே பேச்சு. 1998இல், மனைவியை இழந்து பணி ஓய்வும் பெற்றிருந்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பெர்னார் ஒலிவியே, பாரிஸிலிருந்து அதே தலத்துக்கு நடந்தார். பெல்ஜியத்திலிருந்து இவ்வாறு நடந்துவந்த இரு இளைஞர்களைப் பற்றி வழியில் அறிந்தவர், 2000ஆம் ஆண்டில் தம் நாட்டில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இஸ்தான்புல்லிலிருந்து சீனத்தின் சியான் வரை ஏறக்குறைய 12,000 கிலோமீட்டர் பட்டுப்பாதையை நடந்து அவர் எழுதிய நூல்களின் உரிமைத்தொகை அதற்கு முதலாயிற்று. அமைப்பின் பெயர் ஏறக்குறைய ‘சேய்’ என்று ஒலிக்கும். பிரெஞ்சில் அதற்கு வாசற்படி என்று பொருள். தமிழில் அந்த ஒலிக்குப் பிள்ளை என்ற பொருள் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு சிறார், ஒரு பெரியவர், சுமார் மூன்று மாதம், 1,600 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம், அதுவும் வேற்று நாட்டில்: இதுதான் அந்த அமைப்பின் வழிமுறை. கைப்பேசி கூடாது, பாட்டு கேட்கும் கருவி கூடாது. முதல் வாரம் முழுவதும் கை தானாகவே காலிப் பைக்குள் போய்ப் போய் வந்தது என்று ரபனால் பையன் எனக்கு நடித்தே காட்டினான்.

ஃபிளாண்டர்ஸ் மண்ணுக்கு இதில் பழைய தொடர்பும் ஒன்று உண்டு. இடைக்காலத்தில் அங்குள்ள நகர நீதிமன்றங்கள், அடிதடி, கொலை போன்ற குற்றங்களுக்குக் கொம்போஸ்தெலா யாத்திரையையே தண்டனையாக விதித்தன; போய்ச் சேர்ந்ததற்கான சான்றைக் குற்றவாளி கொண்டுவர வேண்டும். எந்தத் தலத்துக்கு எவ்வளவு கட்டினால் போகாமலே இருந்துவிடலாம் என்ற விலைப்பட்டியலும் இருந்தது என்பதால், வசதியுள்ளவன் வீட்டிலேயே இருந்துகொண்டான், இல்லாதவன் நடந்தான். அவன் சில மாதம் ஊரில் இல்லாமல் இருப்பதே ஊருக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

அன்றைய தண்டனையையும் இன்றைய ஏற்பாட்டையும் பிரிப்பது கூட நடக்கும் அந்த ஒருவர்தான் என்று நான் கருதுகிறேன். இயற்கையின் அழகு, தலத்தின் புனிதம், உடல் களைப்பு தரும் அமைதி என்று பலரும் பல காரணங்களை எழுதுகிறார்கள். அவை எனக்கு அடுத்தபடிதான். காப்பகத்தில் பணியாளர்கள் ஷிப்ட் மாறுகிறார்கள். காலையில் இருப்பவரோடு சண்டையிட்ட பையன் மாலையில் வருபவரிடம் வேறு கதை சொல்லலாம், பணியாளரும் நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். பாதையில் இருவருக்குமே அந்த வசதி இல்லை. பையன் முதுகுப்பையை வீசியெறிந்துவிட்டு நடுவழியில் உட்கார்ந்தால் பெரியவரும் உட்கார்ந்தே ஆக வேண்டும். நனைக்கும் மழை ஒன்று, சமைத்த சோறு ஒன்று, கொப்புளமும் ஆளுக்கு ஒன்று. ‘நடக்கத் தெரிந்தவர்களை எளிதில் பிடித்துவிடலாம், கோபித்துக்கொண்டு போகாதவர்கள்தான் கிடைப்பதில்லை’ என்று அந்த மனிதர் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

எனக்குத் தயக்கமும் உண்டு. இவ்வகை நடையைப் புகழ்பவர்கள் சொல்லும் வெற்றிக் கணக்குகளை நான் அப்படியே ஏற்பதில்லை. யாரையும் கட்டாயப்படுத்திக் கூட்டிச் செல்வதில்லை. வர ஒப்புக்கொண்டவன்தான் நடக்கிறான். ஒப்புக்கொள்ளும் அளவுக்கு மனம் வந்தவனுக்கு நடக்காமலே கூட வழி பிறந்திருக்கலாம். அதைவிடப் பெரிய கேள்வி, நடை முடிந்து அவன் இறங்கப்போவது அதே தெருவில், அதே கூட்டாளிகள் நடுவில் என்பது. மூன்று மாதம் பக்கத்திலேயே இருந்தவர் அன்று விடைபெற்றுக்கொள்கிறார். வரவேற்பு விழா நடத்துகிறார்கள், பள்ளியோ தொழிற்பயிற்சியோ தேடித் தருகிறார்கள். ஆனால் அடுத்த வாரத்து வெறும் செவ்வாய்க்கிழமைக்கு யார் துணை என்பதற்குப் படித்தவற்றில் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் நான் கிளம்பினேன். வழிப்போக்கர்கள் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை இட்டுச் செல்லும் இரும்புச் சிலுவை, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் இருவரும் என்னைத் தாண்டினார்கள், சேர்ந்து அல்ல. முதலில் பையன் போனான். நெடுநேரம் கழித்து, குதிகாலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் பெரியவர் போனார். வளைவில் மஞ்சள் அம்புக்குறி தீட்டிய கல்லருகே பையன் நின்றுகொண்டிருந்தான். அவர் தலை தெரிந்ததும் பிரெஞ்சில் ஏதோ திட்டினான். அவர் பதிலுக்குத் திட்டினார். அவன் திரும்பி நடந்தான், அடுத்த அம்புக்குறி வரை.