பிள்ளைகளே கட்டுரை திருத்தினார்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். பொதுத்தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். குறிப்புச்சட்டம், முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்ற அமைப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்துப்படி. அதற்குள் எதை எழுதுவது என்பதில்தான் திண்டாடுகிறார்கள். திருத்திய தாளைக் கொடுத்தால் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஓரத்தில் நான் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளைப் படிப்பவர் அரிது. ஆகவே இந்த ஆண்டு திருத்தும் வேலையையே அவர்களிடம் கொடுத்தேன்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. எழுத்துப் பயிற்சி குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1986இல் வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஹில்லாக்ஸ், நல்ல மாதிரிகளைப் படிக்கக் கொடுப்பதைவிட, அளவுகோல் ஒன்றைக் கையில் கொடுத்துப் பிறர் எழுத்தை மதிப்பிடச் சொல்வது கூடுதல் பலன் தருவதாகக் காட்டினார். நாம் காலங்காலமாகச் செய்துவருவதோ முதல் வழியைத்தான். சிறந்த கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டி, 'இப்படி எழுதுங்கள்' என்று சொல்லிவிடுகிறோம். எப்படி என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை.

முன்பு படித்துச் சென்ற மாணவர்களிடம் அனுமதி கேட்டு அவர்களுடைய கட்டுரைகளை வாங்கினேன். பெயரை நீக்கி, பிழைகளைத் தொடாமல், எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். தட்டச்சு செய்வது வீண்வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். முத்து முத்தான கையெழுத்தைக் கண்டாலே கை தானாக மதிப்பெண்ணைக் கூட்டிவிடும்; ஆசிரியருக்கே அப்படி என்றால் பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம். இப்போது படிக்கும் பிள்ளைகளின் தாள்களை முதலில் எடுக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தேன். பக்கத்தில் இருப்பவன் எழுதியது என்று தெரிந்தால் ஒன்று நட்பு பேசும், இல்லையென்றால் பகை பேசும்.

அளவுகோலில் நான்கு வரிசைகள்: செய்தி, அடுக்கு, நடை, பிழையின்மை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. மொத்தம் 16, பாதியாக்கினால் தேர்வின் 8 வந்துவிடும். ஒரே ஒரு விதி: எந்த எண்ணைப் போட்டாலும் அதற்குக் காரணமான வரியை அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்பது காரணம் ஆகாது.

முதல் நாள் இரண்டு தாள்கள். தலைப்பு, 'எங்கள் பகுதியின் கைத்தொழில்'. முதல் தாள் இப்படித் தொடங்கியது: 'செட்டிநாட்டுக் கலைகள் உலகப் புகழ் பெற்றவை. அவை நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அரும்பெரும் செல்வங்கள்.' பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டாவது, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பற்றியது. 'கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ண சாந்தை ஊற்றுவார்கள். அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு அமுக்குவார்கள். தண்ணீர் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடியின் வழுவழுப்பு கல்லுக்கு வந்துவிடும்.' 'வண்ணச் சாந்து' என்பதில் ஒற்று இல்லை, 'தண்ணீர்த் தொட்டி'யிலும் இல்லை. உட்தலைப்பும் கிடையாது.

ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் முதல் தாளுக்குச் 'செய்தி' வரிசையில் 4 போட்டன. எந்த வரிக்காக என்று கேட்டேன். தேடினார்கள். அடிக்கோடிட வரி அகப்படவில்லை. அப்போது ஜன்னலோரம் இருந்த பெண் எழுந்து, "ஐயா, இதில் செட்டிநாடு என்பதை எடுத்துவிட்டுத் தஞ்சாவூர் என்று போட்டாலும் அப்படியே பொருந்துகிறது" என்றாள்.

நான் பல ஆண்டுகளாகச் சொல்ல முயன்றதை அந்தப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அதையே கரும்பலகையில் எழுதி அளவுகோலில் சேர்த்தோம்: ஊர்ப்பெயரை மாற்றினாலும் பொருந்தினால் 'செய்தி' 1. அந்த ஊரில் வாழ்பவர் மட்டுமே எழுதக்கூடிய வரிகள் பல இருந்தால் 4. 'செய்தி'க்கு விளக்கமாகக் 'கருத்துச் செறிவு' என்று நான் அச்சடித்துக் கொண்டுபோயிருந்ததை அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அளவுகோலின் சொற்கள் வகுப்பின் வாயிலிருந்து வர வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

ஒற்றுப்பிழை உள்ள கட்டுரைக்கு எப்படி நல்ல மதிப்பெண் தருவது என்று ஒருவன் விடாமல் வாதாடினான். நியாயமான கேள்விதான். பிழைக்கென்று தனி வரிசை இருப்பது அதற்காகத்தான் என்றேன். அங்கே குறைத்துக்கொள், செய்தியில் கைவைக்காதே. இதுவரை பிழை ஒன்றே மொத்தக் கட்டுரையையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு சொந்தக் கட்டுரைகள். ஒரு முறை திருத்தி எழுதும்போது ஒரு வரிசையை மட்டும் உயர்த்தினால் போதும் என்றேன். 'எங்கள் ஊர் வீடுகள் மிகவும் அழகானவை' என்று எழுதியிருந்த பையன், இப்படி மாற்றிக் கொண்டுவந்தான்: 'மழை பெய்தால் நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவில் கொட்டும். என் அப்பத்தா அண்டாவை நகர்த்தி நகர்த்திப் பிடிப்பார்.' வளவு என்பது எங்கள் பக்கத்து வீடுகளின் நடுமுற்றம். அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

இப்படி எழுதினால் பொதுத்தேர்வில் மதிப்பெண் குறையுமோ என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். உட்தலைப்பையும் முன்னுரையையும் யாரும் விடவில்லை. 'அடுக்கு' வரிசையே அதைத்தான் பார்க்கிறது. அவற்றின் கீழே வரும் வரிகள்தான் மாறியிருக்கின்றன என்று தாள்களை எடுத்துக் காட்டினேன்.

முடிவுரை மட்டும் இன்னும் வசப்படவில்லை. எந்தத் தலைப்பானாலும் 'போற்றிப் பாதுகாப்போம்' என்றே முடிக்கிறார்கள். ஊர்ப்பெயரை மாற்றிப் பார்க்கும் சோதனையில் அத்தனையும் தோற்கும் என்று அவர்களுக்கே தெரிகிறது. அந்த இடத்தில் வேறு என்ன எழுதலாம் என்பதுதான் பிடிபடவில்லை. முடிவுரைகளை மட்டும் தனியே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவற்றுக்கும் மதிப்பெண் போடச் சொல்லப்போகிறேன்.