சூடானால் நிற்கும் ஆர்எக்ஸ் 100

"சிடிஐ ஒண்ணு வேலை செய்யும், இல்ல செய்யாது, நடுவுல எதுவும் கிடையாது" என்று, பிளக்கில் பொறி வரவைக்கும் அந்தச் சின்ன மின்பெட்டியைப் பற்றி மெக்கானிக்குகள் சொல்வதை நானும் பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் மே மாதம் மேட்டுப்பாளையம்-கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் வண்டி நின்றபோது அந்த நம்பிக்கையும் சேர்ந்து நின்றுவிட்டது.

வண்டி எங்கள் பெரிய மாமாவுடையது. யமஹா ஆர்எக்ஸ் 100, 1993 மாடல், டிஎன் 43 நம்பர். 1985 கடைசியில் வந்து 1996-ல் நிறுத்திய இந்த வண்டியைப் பற்றி புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும் எடை, அவ்வளவுதான். ஆனால் கோத்தகிரியில் ஓட்டினால்தான் அந்த எடைக்கு அந்தத் திறன் என்ன செய்யும் என்று தெரியும், பின்னால் இலை மூட்டையைக் கட்டிக்கொண்டும் ஏற்றத்தில் முனகாமல் ஏறும். மாமாவுக்கு முட்டி தேய்ந்து கிக்கர் அடிக்க முடியாமல் போனதும், "நீயே வச்சுக்கோ மாப்ள, வித்துகித்து போட்றாத" என்று சாவியைக் கொடுத்தார். கொடுக்கும் முன் கோவைக்கு அனுப்பி சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் போட்டு, டேங்குக்குப் புது பெயின்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி அனுப்பி வைத்தார். இந்தப் பளபளப்பு பின்னால் ஒரு வேலை காட்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை இதுதான். ஊருக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் ஒன்றும் ஆகாது. வெயிலில் அங்கே வேலையை முடித்துவிட்டு மேலே ஏறினால் மட்டும், குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியதும் நின்றுவிடும். நிற்கும் விதமும் ஒரே விதம். இருமாது, திணறாது, யாரோ சாவியைத் திருப்பியது போல் டக்கென்று சத்தம் அடங்கும். இருபது நிமிடம் விட்டால் ஒரே கிக்கில் எழுந்துகொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வீடு வரை வரும். அந்த இருபது நிமிடம்தான் கஷ்டம். மே, ஜூன் என்றால் அந்தப் பக்கம் பலாப்பழ சீசன், சாயங்காலமானால் யானை ரோட்டுக்கு வரும் இடம். நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் இருந்த டீக்கடைக்குப் போய்விடுவேன். மூன்றாவது தடவை போனபோது கடைக்காரர் கேட்காமலேயே டீயை வைத்துவிட்டு, "என்ன தம்பி, இன்னைக்கும் ரெஸ்ட்டா?" என்றார்.

முதலில் பார்த்த மெக்கானிக் கார்பரேட்டர் என்றார். அவர் சொன்ன காரணத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் முன்னூறு மீட்டர் சொச்சம், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர், மேலே வரும்போது காற்றின் அடர்த்தி சுமார் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும், பெட்ரோல் மட்டும் அதே அளவு வந்துகொண்டிருக்கும், அதனால் பிளக் கருப்படிக்கும். கீழே டியூன் செய்த எந்தப் பழைய வண்டியும் மேலே வந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். ஆனால் மூச்சு முட்டுவது வேறு, உயிர் போவது வேறு. கார்பரேட்டர் கோளாறு என்றால் வண்டி முன்கூட்டியே சொல்லிவிடும், இழுக்காது, குலுக்கும், சோக் போட்டால் ஏதாவது மாறும். இது அப்படி இல்லையே என்றேன். "மொதல்ல க்ளீன் பண்ணிப் பார்ப்போங்க" என்றார். பார்த்தோம், அடுத்த வாரம் அதே வளைவு. இரண்டாவது ஆள் பிளக்கையும், அதற்கு உயர் வோல்ட் அனுப்பும் ஹெச்டி காயிலையும் மாற்றினார். அதே வளைவு. மூன்றாவது ஆள் மேக்னெட் பக்க ஆயில் சீல் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும் என்றதும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று பேரிடமும் "சிடிஐயா இருக்குமா அண்ணா?" என்று கேட்டேன், மூன்று பேரும் முதல் வரியில் எழுதியிருக்கும் அந்தப் பதிலைத்தான் சொன்னார்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்த பிறகுதான் எனக்கு எங்கே தேடுவது என்று பிடிபட்டது. கிக்கர் அடித்ததும் மேக்னெட் என்கிற காந்தச் சக்கரம் சுற்றும், உள்ளே இருக்கும் சோர்ஸ் காயிலில் ஏசி கரண்ட் உண்டாகும், அது டயோடு வழியாகப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் போய் நிரம்பி நிற்கும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும்போது பல்சர் காயிலில் இருந்து ஒரு சின்ன சிக்னல் வரும், எஸ்சிஆர் என்ற மின்கதவு திறக்கும், நிரம்பி நின்றது மொத்தமும் ஒரே கொட்டாக ஹெச்டி காயிலில் கொட்டும், அங்கே அது பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறியாகும். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. 6,000 ஆர்பிஎம்மில் போனால் நொடிக்கு 100 தடவை நிரம்பி 100 தடவை கொட்ட வேண்டும். பேட்டரிக்கு இதில் வேலையே இல்லை, கழற்றி வைத்துவிட்டும் வண்டியை ஓட்டலாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய புல்லட்டில் இந்த வேலையைச் செய்வது பாயின்ட்ஸ், அதை மூடியைத் திறந்து கண்ணால் பார்க்கலாம், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கலாம், ரோட்டோரத்தில் உப்புத்தாளால் தேய்க்கலாம். சிடிஐயை அப்படித் திறந்து பார்க்க முடியாது, உள்ளே எல்லாவற்றையும் பிசின் ஊற்றி உறைய வைத்திருப்பார்கள். அதிர்வும் ஈரமும் தாங்கத்தான் அந்தப் பிசின், ஆனால் முப்பது வருடம் சூடாகி ஆறி சூடாகி ஆறி உள்ளே ஒரு சால்டரில் மயிரிழை விரிசல் விழுந்தால், ஆறியிருக்கும்போது அது ஒட்டிக்கொண்டும் சூடானால் விட்டுக்கொண்டும் இருக்கும். அதுதான் அந்த "நடுவுல".

ஆனால் அதே மாதிரி சூட்டில் விடக்கூடியவை வேறு சிலவும் உண்டு, அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் பெட்டிக்கு வரவேண்டும். முதலில் பார்க்க வேண்டியது காசு செலவில்லாத ஒன்று. சாவியை ஆஃப் செய்தால் இந்த வண்டி எப்படி நிற்கிறது என்றால், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஒயர் எர்த்தில் சேர்ந்து சிடிஐக்கு வரும் கரண்டை மண்ணுக்கு இழுத்துவிடுகிறது. அந்த ஒயர் ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளோ ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலோ உரசி எங்காவது இரும்பைத் தொட்டால் வண்டி தானாகவே ஆஃப் ஆகும். எங்கள் ஊர் மழைக்கு ஹெட்லைட் கிண்ணத்தில் தண்ணீர் நிற்பது சாதாரணம். அதனால் அந்த ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு மேட்டுப்பாளையம் போய் ஏறினேன் (சாவி வேலை செய்யாது, கியரில் போட்டு பிரேக்கை மிதித்துத்தான் நிறுத்த வேண்டும், ட்ராஃபிக்கில் செய்யாதீர்கள்). நின்றது, அதே இடம். சரி, ஒயர் இல்லை.

அப்புறம் மேக்னெட் காயில்கள். மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய், டீக்கடை வாசலில் வண்டி சூடாக நிற்கும்போதே சோர்ஸ் காயிலையும் பல்சர் காயிலையும் அளந்தேன். காலையில் வீட்டில் குளிர்ந்திருக்கும்போது அளந்த எண்களைக் கையில் எழுதி வைத்திருந்தேன். இரண்டும் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருந்தன. செம்பு சூடானால் அந்த அளவுக்குக் கூடும், அது இயல்பு. உள்ளே ஒயர் அறுந்திருந்தால் மீட்டர் எண்ணே காட்டாது. ஆக காயில்களும் தப்பித்தன. கடைக்காரர் எட்டிப் பார்த்து "ஜுரம் எவ்வளவு தம்பி?" என்றார்.

மிச்சம் இருந்தது பெட்டி மட்டும்தான். ஆனால் மற்றதெல்லாம் இல்லை என்பதால் இதுதான் என்று முடிவு கட்ட எனக்கு மனசில்லை, ஏற்கெனவே அப்படித்தான் ஹெச்டி காயிலுக்குக் காசு போயிருந்தது. பெட்டியை மட்டும் தனியாகச் சூடாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அதற்கு ஹேர் டிரையர் வேண்டும். நான் வேலை செய்வது டீ ஃபேக்டரியில், அங்கே போய் "ஒரு டிரையர் ரெண்டு நாளைக்குக் கிடைக்குமா" என்று கேட்டபோது சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஃபேக்டரியில் டிரையர் என்றால் இலையை உலர்த்தும் மெஷின், ஒரு அறை அளவு இருக்கும். கடைசியில் அவர் மகளுடையதுதான் கிடைத்தது, இளஞ்சிவப்பு நிறத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல குளிர். சீட்டை எடுத்து, டேங்கின் பின் போல்ட்டைக் கழற்றி டேங்கை இறக்கி, பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்து நீள டியூப் கொடுத்தேன். சிடிஐயை போல்ட்டில் இருந்து விடுவித்து கப்ளரோடு (ஒயர்கள் வந்து சேரும் இணைப்பு) தொங்கவிட்டு, வண்டியை ஐடிலிங்கில் விட்டு, இளஞ்சிவப்பு டிரையரைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பெட்டி கையில் பிடிக்க முடியாத சூடு. நாலாவது நிமிடம் டக். அதே டக். இன்ஜின் சரியாகச் சூடேறக்கூட இல்லை. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து கப்ளரில் படாமல் பெட்டி மேல் சுற்றி ஐந்து நிமிடம் விட்டு உதைத்தேன், ஒரே கிக். மறுபடி டிரையர், மறுபடி டக். மூன்று தடவை செய்தேன், மூன்றாவது தடவை சும்மா சந்தோஷத்துக்காக. ஜன்னலில் இருந்து பார்த்த என் மனைவி, வண்டிக்குத் தலை காயவைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இங்கே ஒரு விஷயம், ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கை கேப்பில் மாட்டி அதன் உடம்பு ஹெட்டைத் தொட்டபடி வைத்துத்தான் உதைக்க வேண்டும். வெறும் கேப்பைத் தொங்கவிட்டு உதைத்தால், போக வழியில்லாத அந்த ஆயிரக்கணக்கான வோல்ட் காயிலையும் சிடிஐயையும் உள்ளேயே துளைத்துவிடலாம். என் வண்டியில் ஒருவர் அப்படித்தான் நாலைந்து தடவை உதைத்துப் பார்த்தார், அப்போது எனக்குத் தெரியவில்லை.

பெட்டி வாங்கிய கதை சுருக்கமாக. முதலில் கீழே ஒரு கடையில் 350 ரூபாய்க்குப் புதுசு. "கப்ளர் சேர்ந்தா போதும்ணா, மாட்டி ஓட்டுங்க" என்றார். சேர்ந்தது, ஸ்டார்ட்டும் ஆனது, ஆனால் பாதி த்ராட்டிலுக்கு மேல் போனால் பட்டாசுச் சரத்தில் ஈரம் பட்ட மாதிரி விட்டு விட்டு வெடித்தது. திருப்பிக் கொண்டுபோனால் எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் இல்லை என்றார், அது நாடு முழுக்க உள்ள சட்டம் போல. அதன் பிறகு கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் அரைநாள் அலைந்து, உடைத்த வண்டியில் இருந்து எடுத்த ஒரிஜினல் ஒன்றை 800 ரூபாய்க்கு வாங்கினேன். அதுவும் முப்பது வயசுப் பெட்டிதான். இருந்தாலும் சூட்டில் சோதித்துப் பார்த்த பழைய ஒரிஜினலைத்தான் நான் நம்புவேன், சோதிக்காத புதுசை நம்ப மாட்டேன். மாட்டும் முன் அதே டிரையரில் 15 நிமிடம் காட்டினேன், அசையவில்லை.

மாற்றுவது என்று பார்த்தால் பத்து நிமிட வேலை. 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். மிச்ச நேரமெல்லாம் அதைச் சுற்றி இருந்ததைச் சரி செய்யத்தான் போனது. கப்ளர் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, பழைய டூத் பிரஷ்ஷும் கான்டாக்ட் க்ளீனரும் வைத்துத் தேய்த்து, தளர்ந்த பின்களை ஊசியால் லேசாக நெருக்கினேன். ஆரஞ்சு ஒயர் ஹெச்டி காயிலுக்குப் போவது, அதன் முனை நூல் நூலாகப் பிரிந்திருந்தது, வெட்டிப் புது லக் போட்டேன். அப்புறம்தான் அந்தப் பளபளப்பு. ஹெச்டி காயிலுக்கு எர்த் தனி ஒயரில் வருவதில்லை, அது உட்காரும் இரும்பு வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகிறது. அந்த இடம் முழுக்கத் தடிமனான பவுடர் கோட்டிங். மீட்டரை வைத்தால் எண் நிலையாக நிற்காமல் ஆடியது, போல்ட்டின் மரை ஏதோ ஒரு இடத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த புண்ணியத்தில்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. காயிலை மாற்றியவர் அதைப் பார்க்காமலேயே அதே பெயின்ட் மேல் புதுசை முறுக்கிவிட்டுப் போயிருந்தார். பழைய பெட்டி செத்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். மாமாவுக்குத் தெரியாமல் ஒரு ரூபாய் அளவுக்கு பெயின்ட்டைச் சுரண்டி, அங்கிருந்து இன்ஜின் போல்ட்டுக்கு ஒரு எர்த் ஒயரும் இழுத்துவிட்டேன். சுரண்டிய இடத்தில் துரு ஏறாமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ்.

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். வேண்டுமென்றே மத்தியானம் ஒரு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் இருந்து கிளம்பி எங்கேயும் நிறுத்தாமல் ஏறினேன். செக்போஸ்ட் தாண்டியதும் என் இடது கை தானாகவே கிளட்ச்சைத் தேடிப் போனது, அத்தனை தடவை நின்ற பழக்கம். வளைவு வந்தது, போனது. டீக்கடைக்காரர் சத்தம் கேட்டு டம்ளரை எடுத்து வைத்துவிட்டார் போல, கையில் டம்ளரோடு வாசலுக்கு வந்து நின்றார். நான் கையைக் காட்டிவிட்டு மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.