மொறிஸ் மைனர் எவ்வளவு உசரத்தில நிக்கோணும்?

பழைய கார் எடுத்து செய்யிற ஆக்கள் கூடுதலா பெயின்ட்ட பத்தித்தான் கதைக்கிற. எந்தக் கலர், எத்தின கோட், பஃப் அடிச்சா எப்பிடி மினுங்கும் எண்டு. கார் எவ்வளவு உசரத்தில நிக்குது எண்டத ஆரும் கேக்கிறல்ல. என்னக் கேட்டா மொறிஸ் மைனர் எண்ட பழைய இங்கிலீஸ் கார் ஒண்ட பாத்த உடன முதல்ல கண்ணுக்கு படுறது அதுதான், மூக்கு மேல கிளம்பி பின்பக்கம் குந்திக்கொண்டு நிண்டா எவ்வளவு காசு குடுத்து பெயின்ட் அடிச்சாலும் கார் வடிவா தெரியாது.

இந்தக் கார வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ் 1948ல கார் வெளியில வாறத்துக்கு கொஞ்சம் முதல் மாதிரிக் கார நடுவால வெட்டி 4 இஞ்ச் அகலமாக்கினவர், பொனட்டுக்கு நடுவால ஓடுற அந்தத் தட்டைப் பட்டி அதுட அடையாளம்தான். அந்த அகலத்தாலதான் மைனர் நிலத்தோட பதிஞ்சு நிக்கிற மாதிரி இரிக்கி. உசரம் பிசகினா அந்த அழகு போயிரும், எனக்கு இதுல இவ்வளவு அக்கறை வாறத்துக்கு காரணம் அதுதான்.

மட்டக்களப்பு கல்லடியில ஒரு கராஜில நிக்கிற எங்கட மைனர் 1000க்கு முன்பக்க வேலை நடக்குது. முன்னுக்கு கொயில் ஸ்பிரிங் இல்ல, டோர்ஷன் பார். சில்லப் பிடிச்சுக்கொண்டிருக்கிற கீழ் ஆர்ம்ல இருந்து பின்னால, சீட்டுக்கு அடியில இரிக்கிற குறுக்குச் சட்டம் வரைக்கும் போற நீட்டு இரும்புக் கம்பி, ஈரத்துணிய பிழியிற மாதிரி கார்ட பாரம் அத முறுக்கிக்கொண்டே நிக்கும். ரெண்டு முனையிலயும் பல்லு வெட்டியிரிக்கும், பின் முனையில ஒரு லீவர். உசரம் கூட்டுறதும் குறைக்கிறதும் அந்த லீவர்லதான், கொஞ்சம் மாத்த எண்டா ஓட்டைகள் இரிக்கிற தகட்ட நகத்தலாம், கூட மாத்தோணும் எண்டா பல்ல கழட்டி வேற பல்லுல போடோணும். கழட்டக்குள்ள ஆர்முக்கு அடியில ஜக் வச்சு பாரத்த எடுத்துப் போட்டுத்தான் கை வைக்கோணும், முறுக்கோட இரிக்கிற பார் சும்மா இரும்பு இல்ல, கைய முறிச்சுப் போடும்.

இடது பாரையும் வலது பாரையும் மாத்திப் போடக் கூடாது. ஒரு பக்கமா முறுகிப் பழகின இரும்ப மற்றப் பக்கம் முறுக்கினா முறியும். கீறலும் ஆகாது, ஒரு சின்னக் கீறல்ல இருந்துதான் வெடிப்புத் தொடங்கும். எங்கட பக்கம் கடல் காத்து வேற, கல்லடி, நாவலடி பக்கம் நிண்ட காரெண்டா பார்ல துரு குழி குழியா தின்டிருக்கும், அப்பிடி இரிக்கிறத திருப்பிப் பூட்டவே வேணாம்.

கராஜ் பாஸ் ஒரு விசயத்தில கடும் பிடிவாதம். “தம்பி, என்ஜின், கியர் பொக்ஸ், சீட், பம்பர், பெற்றி எல்லாம் ஏறட்டும், அதுக்கு முதல் அளக்கிற டேப்ப கையில எடுக்காதீங்க” எண்டார். சரியான கதை. மைனர் மொத்தமே 750 கிலோ அளவுதான், அதுல என்ஜின் இல்லாட்டி முன்பக்கம் சும்மா மேல நிக்கும், அத பாத்து லீவர இறக்கி வச்சா மறுகா என்ஜின் போட்டவுடன மூக்கு குத்தும். இலங்கையில கன பேர் மைனருக்கு நிசான் என்ஜின் போட்டிருக்காங்க, அதுட பாரம் வேற, அதுக்கேத்த மாதிரி திருப்பி செட் பண்ணத்தான் வேணும்.

மறுகா எங்க அளக்கிற? கன பேர் மட்கார்ட் விளிம்புல இருந்து நிலத்துக்கு டேப் பிடிக்கிற. மைனர்ட மட்கார்ட் நாலும் போல்ட்ல பூட்டுறது, அதுவும் டிங்கரிங் செஞ்சு தட்டி எடுத்தது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வாறது பெரிய அதிசயம். கீழ் ஆர்ம்ட உள்முனை நடுவில இருந்து நிலத்துக்கு ஒரு அளவு, வெளிமுனையில இருந்து ஒரு அளவு, அந்த வித்தியாசத்த இடது வலது ஒப்பிட்டுப் பாக்கிறதுதான் நம்பலாம். தளமும் மட்டமா இரிக்கோணும், கராஜ் சீமெந்து பாக்க மட்டமா தெரியும், மேசன்மார் பாவிக்கிற தண்ணி டியூப்ப நாலு சில்லுக்குப் பக்கத்திலயும் பிடிச்சுப் பாத்தா உண்மை தெரியும். நாலு டயருக்கும் காத்து சரியா இரிக்கோணும். டிரைவர் சீட்டுல 25 கிலோ அரிசி பேக் மூண்டு வச்சு அளக்கிறது எனக்குப் பிடிச்ச முறை, இந்தக் கார்ல கூடுதலா வலப்பக்கத்துப் பார்தான் பதிஞ்சிருக்கும், காலமெல்லாம் டிரைவர் இருந்த பக்கம் அது.

முன்பக்கம் தொடுறதுக்கு முதல் பின்பக்கத்த பாருங்க. வலது பின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்) களைச்சுப் போனா இடது முன்பக்கம் தூக்கும், அத தெரியாம முன்னுக்கு லீவர திருகிக்கொண்டே இரிக்கலாம், முடிவே வராது. ஸ்பிரிங் பட்டையள நெருப்புல காச்சி வளைச்சா இரும்புட உறுதி போயிரும், கொஞ்ச காலத்தில திரும்ப இறங்கும். காச்சாம தட்டி வளைச்சு எடுக்கிற பட்டறை கிடைச்சா அங்க குடுங்க. சொக் அப்சோபர் மாத்தினா உசரம் வரும் எண்டு சொல்றவங்கள கேக்க வேணாம், மைனர்ட லீவர் சொக்குக்குள்ள எண்ணெய்தான், அது துள்ளல அடக்கும், கார தூக்கிப் பிடிக்காது.

டயரும் கணக்கு. பழைய 5.20-14 சைஸ் டயருக்கு பதிலா 145 ரேடியல் 14 போட்டா விட்டம் கிட்டத்தட்ட 588 மில்லிமீட்டர், பழையத விட சின்னது, கார் கொஞ்சம் தாழத்தான் நிக்கும். அதுக்காக லீவர திருகி தூக்க வேணாம், ஆர்ம்ட சரிவு கெட்டுப்போகும்.

ஆர்மும் ஸ்பிரிங்கும் பூட்டுற இடங்களில இரிக்கிற றப்பர் புஷ் விசயம் இன்னும் முக்கியம். ஆர்ம், ஸ்பிரிங் ஷாக்கிள் நட்டெல்லாம் கார் நிலத்தில சொந்தப் பாரத்தோட நிக்கக்குள்ளதான் இறுக்கோணும். ஜக்ல தொங்க விட்டு இறுக்கினா கார் இறங்கினதும் றப்பர் முறுகிக்கொண்டு நிக்கும், அதுவே கார தூக்கிக் காட்டும், கொஞ்ச காலத்தில கிழிஞ்சும் போகும்.

இப்ப இளம் பொடியனுகள் கார உசரம் குறைச்சு பதிச்சு ஓடத்தான் ஆசைப்படுறாங்க. காத்தான்குடி தாண்டி ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை எண்டு போற மெயின் றோட் நல்லம்தான், ஒழுங்கைக்குள்ள இறங்கினா மணல், றோட்டு பம்ப், மார்கழி மழையில தண்ணி. பதிச்ச மைனர் ஒவ்வொரு பம்புக்கும், ஆர்ம் மேல போய் அடிபடாம தடுக்கிற பம்ப் றப்பர்ல போய் இடிக்கும், அந்த இடி கடைசியா போய்ச் சேர்றது முன் சில்லு திரும்புற இடத்தில இரிக்கிற ட்ரனியனுக்கும் கிங்பின்னுக்கும், அதுகள் ஒழுங்கா கிறீஸ் அடிச்சாலே தேயிற சாமான். நான் தொழிற்சாலை உசரத்திலதான் வைக்கப் போறன்.

செட் பண்ணின உடன வார அளவ எழுதி வைக்காம கல்முனை வரைக்கும் ஒருக்கா ஓடிட்டு வந்து, கராஜுக்குள்ள தள்ளி விட்டு முன்னும் பின்னும் அமத்தி விட்டுத்தான் திரும்ப அளக்கோணும். அதுக்குப் பொறகுதான் டோ-இன் (முன் சில்லு ரெண்டும் முன்னுக்கு உள்பக்கம் திரும்பி நிக்கிற அளவு), அதுக்கும் பொறகு ஹெட்லைட். உசரம் மாறினா ரெண்டும் மாறும், அதால வீல் அலைன்மென்டுக்கு இப்பவே காசு கட்ட வேணாம் எண்டு பாஸும் சொல்லிட்டார்.