ஒல்லியானவரின் கல்லீரல்

"இவ்வளவு ஒல்லியா இருக்கேன், எனக்கு எங்கேடா கொழுப்பு?"

ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி சித்தப்பா இன்று கேட்டார். கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு. பெல்ட்டில் ஆணி வைத்துக் கூடுதலாக ஓட்டை போட்டுக் கட்டுகிற மனிதர். சர்க்கரை மட்டும் பல வருடமாக உண்டு.

இரண்டும் வேறு வேறு வியாதி என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம்.

கொழுப்பு சேர்ந்த கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காது. சாப்பிடாத நேரத்திலும் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய கொழுப்பு, இன்சுலின் சுரக்கும் கணையத்துக்கும் போய் அதைத் தளர்த்தும்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் சர்க்கரை நோய் ஆய்வாளர் ராய் டெய்லரின் குழு இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டது. 11 சர்க்கரை நோயாளிகள், நாளுக்குச் சுமார் 600 கலோரி, எட்டு வாரம். முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இயல்புக்கு வந்துவிட்டது! கணையம் தேற எட்டு வாரம் ஆனது.

சரி, ஒல்லியானவர்களுக்கு?

அதையும் அதே குழு பார்த்தது. பருமன் இல்லாத 20 பேர். எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைத்ததும், 14 பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவரவர் உடம்பு தாங்கும் கொழுப்புக்கு அவரவர் எல்லை என்கிறார் டெய்லர். எனக்கு இதுதான் பெரிய நம்பிக்கை.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். சித்தப்பாவை அடுத்த வாரம் நானே கூட்டிப் போகிறேன்.