பற்றரி இல்லாத கார்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று ஒன்று இருக்கிறது, அதுவும் பெயரில் மட்டும்தான். இந்த ஊர்ப் பெடியனிடம் போய், சரிவில் உருண்டு தானாக ஓடும் கார் ஒன்று செய்துகொண்டு வா என்று விஞ்ஞானப் போட்டிக்குக் கேட்டிருக்கிறார்கள். தரம் 10 படிக்கும் மருமகன் தாளை நீட்டினான். தொடங்கும் உயரம் 75 சென்ரிமீற்றர், மோட்டார் கூடாது, பற்றரி கூடாது, 8 மீற்றரில் போட்ட கோட்டுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறதோ அவ்வளவு புள்ளி. தொண்ணூறுகளில் பற்றரி ஊருக்குள் வரவே தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள், பழைய செருப்பில் சில்லு வெட்டி வண்டில் உருட்டினவர்கள், இது எங்களுக்குக் கைவந்த வேலையடா என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

"மாமா, பாரம் ஏத்தினா வேகமாப் போகும்தானே?"

ஏற்றிப் பார் என்றேன். அரைக்கிலோப் படிக்கல்லை வைத்துக் கட்டினான். வேகம் கூடவில்லை, முன் அச்சாகப் போட்டிருந்த ஸ்போக் கம்பிதான் வளைந்தது. உராய்வே இல்லையென்றாலும் 75 சென்ரிமீற்றரில் இருந்து இறங்குவது விநாடிக்கு 3.8 மீற்றருக்கு மேல் போகாது, அது ஒரு கிலோவோ பத்துக் கிலோவோ. சில்லு கனத்தால் இன்னும் மோசம், அதைச் சுழற்றவே சக்தியில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் சில்லுக்குப் பழைய சீடி. விளிம்பில் பலூனை வெட்டி மாட்டினால் சீமெந்தில் வழுக்காது.

அப்புறம் கார் இடப்பக்கமாகவே ஓடத் தொடங்கியது. விறாந்தைச் சுவரில் மூன்று தரம் மோதியது. அடிமட்டம் வைத்துப் பார்த்தால், இரண்டு அச்சுக்கும் இடையில் வலப்பக்கம் 18 சென்ரிமீற்றர், இடப்பக்கம் 17.8. வெறும் 2 மில்லிமீற்றர்தான், ஆனால் 12 சென்ரிமீற்றர் அகலக் காரில் அது 8 மீற்றர் போவதற்குள் மூன்று மீற்றருக்குக் கிட்ட விலக்கிவிடும். ஓட்டையைக் கம்பியைச் சுடவைத்துக் குத்தியது நான்தான், அவனில்லை. சரிவு நிலத்தைத் தொடும் இடத்தில் மூக்கு இடித்ததற்கு பிஸ்கட் ரின் மூடியை வளைத்து வைத்தோம், அதோடு சரி.

நிறுத்துவதுதான் உண்மையான வேலை. பின் அச்சு 6 மில்லிமீற்றர் மரைக் கம்பி. அதில் ஒரு நட், அது சுற்றாதபடி ஒரு குச்சி. அச்சு ஒரு சுற்று சுற்ற நட் 1 மில்லிமீற்றர் நகரும், கடைசியில் போய் இறுகி அச்சைப் பிடித்துவிடும். சீடியின் சுற்றளவு 37.7 சென்ரிமீற்றர், ஆகவே 8 மீற்றருக்கு 21 சுற்றும் கொஞ்சமும். சரிவில் உருளும் சுற்றுகளையும் சேர்க்க வேண்டும் என்பதை நான் மறந்தேன், அவன் மறக்கவில்லை.

போட்டி நடந்த மண்டபத்தில் பளபளவென்று மாபிள். அச்சு இறுகிய பிறகும் கார் வழுக்கிக்கொண்டே போய் 14 சென்ரிமீற்றர் தள்ளி நின்றது. மூன்றாமிடம்.

இப்போது வேறொரு பிரச்சினை. நான்கு சீடியில் ஒன்று மருமகளின் சாமத்திய வீட்டு வீடியோவாம். அக்கா இரண்டு நாளாக அலுமாரியைக் கிளறிக்கொண்டிருக்கிறா. அந்தச் சில்லைக் கழற்றிப் பார்த்தோம், பலூன் ஒட்டிய பசை நடு வரைக்கும் வந்திருக்கிறது.