மார்கழி 26

2004 மார்கழி (டிசம்பர்) 26, ஞாயிறு, போயா (பௌர்ணமி) தினம். சுமாத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சுனாமி அலை எங்கள் கரைக்கு வந்துவிட்டது. ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்துக்கென்று அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. இலங்கையில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எல்லாம் அடிபட்டன. கிண்ணியாவில் வைத்தியசாலைக்குள்ளேயே கடல் புகுந்தது. நோயாளியைக் காப்பாற்ற நின்ற இடமே மூழ்கினால் என்ன செய்வது?

அப்படியும் நின்றார்கள். தங்கள் வீட்டில் யார் மிஞ்சினார்கள் என்று தெரியாமலே காயம் கட்டிய தாதிமார், உடல்களைத் தூக்கிய பொடியன்மார், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை என்று கதவைத் திறந்து உலை வைத்த சனம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இவர்களில் பலருக்குப் பதக்கமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. எனக்கு அது இன்றும் மனவருத்தம்தான்.

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் காலை 9.25-க்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம். எழுந்து நில்லுங்கள், பிள்ளைகளையும் நிறுத்துங்கள். அப்புறம், அன்று உதவிக்கு ஓடிய ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அவர் செய்ததைக் கீழே எழுதுங்கள்.