பிறை பட்டறைகளில் டீசலும் தண்ணீரும்

பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் வட்டாரப் பட்டறைகளுக்கு லோரியோ பிக்கப்போ இழுத்து வரப்பட்டால், வாகனமோட்டி முதலில் சொல்வது "அண்ணே, எண்ணெய் நிலையத்தில கலப்படம் பண்ணிட்டாங்க" என்பதுதான். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் அது நிற்பதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் விற்பது யூரோ 5 தர டீசல். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது. முன்பிருந்த யூரோ 2எம் டீசலில் 500 வரை அனுமதி. கந்தகம் எரிந்து வெளிப்போக்குக் குழாயின் வினையூக்கியில் சல்பேட்டாகப் படிந்தால், புகை வடிகட்டியில் சேரும் கரி எரியாது. அந்தக் கேடு இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழுவழுப்பும் போய்விடும். அதில் கலக்கப்படும் பயோடீசல், அதாவது செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் மெத்தில் எஸ்டர், அதை ஈடுகட்டுகிறது. பயோடீசல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று திட்டுவது நியாயமில்லை. ஆனால் அது சாதா டீசலைவிட அதிகமாக ஈரத்தை உறிஞ்சும். பினாங்கு போன்ற கடலோரத்தில், பாதி காலியான டேங்கில் இரவில் காற்று குளிர்ந்து நீர்த்துளியாகி அடியில் இறங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து, புளித்த வாடையோடு கறுத்த கொழகொழப்பாகத் திரளும்.

ரெயில் எனும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயரழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் இஞ்சினுக்கு இது ஏன் பொறுக்காது? அழுத்தம் 2,000 பார் வரை போகிறது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியோ சுமார் 70 மைக்ரான். உயரழுத்தப் பம்புக்கு டீசலே மசகு என்பதால், தண்ணீர் கலந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். இன்ஜெக்டர் முனையின் சூட்டில் அந்தத் தண்ணீர் நீராவியாகி முனையை அரிக்கும். பழைய இஞ்சின்கள் தாங்கிய அழுக்கை இவை தாங்குவதில்லை.

ஆகவே இழுவை குறைந்தாலோ, ஸ்டார்ட் பிடிக்க நேரமானாலோ உடனே இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம். டீசல் வடிகட்டியின் அடித் திருகைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் டீசலைப் பிடித்து, அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்தாலோ, எண்ணெய் தெளியாமல் மங்கலாகவே இருந்தாலோ விடை கிடைத்துவிட்டது. அது சுத்தமாக இருந்தால்தான் ரிட்டர்ன் சோதனை: ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மீந்த டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு ஐடிலில் ஓட்டினால், மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரப்புவது தேய்ந்தது. ஓடும் இஞ்சினில் உயரழுத்தக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புதிய வடிகட்டியில் மேலிருந்து டீசல் ஊற்றி நிரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வடிகட்டாத எண்ணெய் நேராகச் சுத்தமான பக்கத்துக்குப் போகும். கைப்பம்பால் இழுப்பதே சரி. பழைய வடிகட்டியில் மினுக்கும் உலோகப் பொடி தெரிந்தால் பம்ப் தன்னையே தின்கிறது. அப்போது பம்பை மட்டும் மாற்றினால் புதியதும் கெடும். ரெயில், இன்ஜெக்டர், குழாய் எல்லாம் மாற்றி, டேங்கையும் கழுவ வேண்டும்.

ஜார்ஜ் டவுன் நெரிசலில் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு வேறு தொல்லை. புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் முழுதும் ஆவியாகாமல் இஞ்சின் ஆயிலில் கலக்கிறது. பயோடீசலான எஸ்டரின் கொதிநிலை உயர்ந்தது என்பதால் அது ஆயிலை விட்டு எளிதில் போவதில்லை. ஆயில் கோலில் மட்டம் ஏறியிருந்தால் தவணைக்குக் காத்திராமல் ஆயிலை மாற்றுங்கள்.

சொந்த முற்றத்தில் டேங்க் வைத்திருக்கும் நிறுவனங்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அடி வடிகுழாயை வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரை வடியுங்கள். உறிஞ்சு குழாய் அடிமட்டத்தைத் தொடக் கூடாது. லோரி டேங்கை மாலையிலேயே நிரப்பினால் ஈரக்காற்றுக்கு இடமில்லை. கசடு ஏற்கெனவே சேர்ந்திருந்தால், கிருமிக்கொல்லி ஊற்றுமுன் டேங்கைக் கழுவுங்கள். கழுவாமல் ஊற்றினால் செத்த கசடு மொத்தமாகக் கிளம்பி வடிகட்டியை அடைக்கும். கழுவிய பிறகும் முதல் சில நாள்களுக்கு ஒவ்வொரு லோரியிலும் ஓர் உபரி வடிகட்டி இருக்கட்டும்.